வெளியேறியோரை விட்டுவிடும் கணக்கு

பெருந்தோட்டம் என்று இலங்கையின் புள்ளிவிபரத் திணைக்களம் எதைச் சொல்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இருபது ஏக்கருக்குக் குறையாத பயிர்நிலம், அதிலேயே குடியிருந்து வேலை செய்யும் பத்துத் தொழிலாளர்களாவது இருப்பது: இந்த இரண்டும் அமைந்தால் அது தோட்டத் துறை. மற்றதெல்லாம் நகரம் அல்லது கிராமம். 2019ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவினக் கணக்கெடுப்பு இந்த மூன்றையும் தனித்தனியே அளந்தது. ஓர் ஆளுக்கு மாதம் 6,966 ரூபாய் என்பது வறுமைக்கோடு. அதற்குக் கீழே நாடு முழுவதிலும் இருந்தவர்கள் நூற்றுக்கு 14.3 பேர். நகரத்தில் 6 பேர், கிராமத்தில் 15 பேர், தோட்டத்தில் 33.8 பேர்.

இந்தத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தின் கல்வியைப் பற்றிய விவாதங்களில் இந்தக் கடைசி எண் இரண்டு விதமாக எடுத்தாளப்படுகிறது. பாடசாலைகள் இன்னும் போதவில்லை, கூட்டுங்கள் என்கிறார்கள் ஒரு சாரார். நாற்பது ஆண்டுகளாகத் தோட்டப் பாடசாலைகளுக்குச் செலவழித்தும் வறுமை அப்படியே இருக்கிறதே, படிப்பால் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள் மறு சாரார். இரு தரப்பும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். தோட்டத்தில் பிறந்து, படித்து, ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ ஆகி, ஹட்டனிலோ கண்டியிலோ வீடு எடுத்துப் போன ஒருவர் அந்தக் கணத்திலேயே தோட்டத் துறையின் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறார். அவர் நகரத்தின் சராசரியை உயர்த்துவார். தான் பிறந்த தோட்டத்தின் சராசரியில் அவருக்கு இடமில்லை. பாடசாலை எத்தனை பேரைக் கரையேற்றினாலும், கரையேறியோர் போக மிஞ்சியிருப்பவர்களை மட்டும் எண்ணும் ஒரு கணக்கு அது. குடிசன மதிப்பீட்டிலும் இதே ஒழுகல் உண்டு. 2012இல் இந்தியத் தமிழர் என்று பதிவானோர் நாட்டின் மக்கள்தொகையில் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டினார்கள். ஆனால் வெளியே போய்க் குடியமர்ந்த மலையகத்தார் பலர் தம்மை இலங்கைத் தமிழர் என்றே பதிந்துவருவது எல்லோரும் அறிந்தது. இடத்தை வைத்துத் தேடினாலும் இனத்தை வைத்துத் தேடினாலும், படித்து முன்னேறியவர் கண்ணில் படமாட்டார்.

பாடசாலையைச் சீர்செய்தால் வறுமை குறையுமா என்று கேட்பவர், யாரை எண்ணுகிறோம் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். இதைத் தீர்த்துக்கொண்டு செய்த ஓர் ஆய்வு இந்தோனேசியாவைப் பற்றியது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது கையில் வந்த பணத்தைக் கொண்டு சுகார்த்தோ அரசு நாடெங்கும் ஆரம்பப் பாடசாலைகளைக் கட்டியது. 1978-79க்குள் 61,000க்கும் மேற்பட்ட பாடசாலைகள் எழுந்தன. பிள்ளைகள் பாடசாலைக்குப் போகாத பகுதிகளுக்கே அதிகம் ஒதுக்கப்பட்டது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் சேர்க்கை 69 சதவீதத்திலிருந்து 83 சதவீதமானது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கிய 1995ஆம் ஆண்டின் தரவுகளை எடுத்துப் பார்த்தார். 2001இல் வெளியான அவருடைய முடிவு: ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை கூடினால் படிப்பு 0.12 முதல் 0.19 ஆண்டு வரை கூடியது, சம்பளம் 1.5 முதல் 2.7 சதவீதம் வரை கூடியது.

சிறிய எண்கள்தாம். ஆனால் ஒரு கட்டடத்தையும் மூன்று ஆசிரியர்களையும் கொடுத்ததற்கு ஒரு தலைமுறை முழுவதும் ஆயுளுக்கும் பெறுகிற கூடுதல் சம்பளம் அது. என் வாதத்துக்கு இதைவிட முக்கியமானது அவர் எண்ணிய முறை. இப்போது எங்கே வசிக்கிறார் என்று அவர் பார்க்கவில்லை. எங்கே பிறந்தார் என்று பார்த்தார். ஜாவாவின் ஒரு மூலையில் பிறந்து ஜகார்த்தாவுக்குப் போனவரின் சம்பளமும் பிறந்த ஊரின் கணக்கிலேயே சேர்ந்தது. மலையகத்தை யாரும் இப்படி எண்ணியிருந்தால் நம் விவாதத்தின் பாதி அடங்கியிருக்கும்.

எண்ணவில்லை என்பதால் வரலாற்றிடம் போகலாம். அங்கே கிடைக்கும் சான்று வலுவானது.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்துகொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்றது. துரைமார் அந்தக் கடமையைச் சட்டம் கேட்ட அளவுக்கு, சில இடங்களில் அதற்கும் குறைவாக, நிறைவேற்றினார்கள். ஒரே கூடம். தடுப்புச் சுவர் கிடையாது. ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். முதலாம் வகுப்பு அ, ஆ எழுதிக்கொண்டிருக்க, நாலாம் வகுப்பு அதே கூடத்தின் மறுமூலையில் வாய்ப்பாடு சொல்லும். பத்து வயதானதும் பையன் புல்வெட்டவோ பெண்பிள்ளை கொழுந்தெடுக்கவோ போக வேண்டும் என்று எல்லாருமே எதிர்பார்த்தார்கள். தம்பி தங்கையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு வரும் பிள்ளை பாதி நேரம் கழிந்த பின்தான் பாடசாலைக்குள் நுழையும். ஐந்தாம் வகுப்போடு பாடசாலையும் முடிந்துவிடும். மேலே படிக்க நகரத்துக்குப் போக வேண்டும். பஸ் கிடையாது; இருந்தாலும் காசு கிடையாது. படிப்பு என்பது தொழிலாளியைத் தோட்டத்திலிருந்து நகர்த்தாத அளவுக்கு இருந்தது. நிர்வாகத்துக்கு அதுவே வசதி.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை. தெற்காசியாவிலேயே அதற்கு இணையான ஏற்பாடு அன்று வேறெங்கும் இல்லை. மத்திய மகா வித்தியாலயங்கள் கிராமத்துப் பிள்ளைகளை வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆக்கின. நாட்டின் எழுத்தறிவும் ஆயுட்காலமும் வருமானத்துக்கு மிஞ்சி உயர்ந்து, உலகப் பொருளியலாளர் பலர் எடுத்துக்காட்டும் உதாரணமாக இலங்கை ஆனது. அதே தீவில், அதே ஆண்டுகளில், நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கை ஈட்டித்தந்த மக்களின் பிள்ளைகள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருந்தார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்தியத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1960களின் தொடக்கத்தில் அரசு உதவி பெறும் பாடசாலைகளை அரசே ஏற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் ஏற்கப்படவில்லை. வாக்கில்லாதவனின் பிள்ளைக்காக எந்தப் பாராளுமன்ற உறுப்பினர் குரல் கொடுப்பார்?

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதற்குப் பின்னரே, அந்தத் தசாப்தத்தின் கடைசியில், பாடசாலைகளும் அரசின் கைக்கு வந்தன. இடையில் 1973-74இன் உணவுப் பஞ்சம் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களில் பல உயிர்களைக் கொண்டுபோனது. 1964, 1974 ஒப்பந்தங்களின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமை மெல்ல மெல்லத் திரும்பியது. 1978இல் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரானார். 1980களில் சுவீடன் அரசின் உதவியோடு தோட்டப் பாடசாலைகளுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. பத்தனையில் ஜெர்மானிய உதவியோடு ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. பெருந்தோட்டக் கல்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஏஞ்சலா லிட்டில், 1999இல் வெளியான தம் நூலில் இந்த மாற்றத்தை உலகத் தேயிலைப் பொருளாதாரத்தோடும் உள்நாட்டு அரசியலோடும் சேர்த்தே விளக்கினார். காரண வரிசையில் பாடசாலை முன்னால் நிற்கவில்லை. உரிமை வந்தது, உரிமையால் பேரம் பேசும் பலம் வந்தது, அந்தப் பலத்தால் பாடசாலை வந்தது. கல்வி வந்தால் எல்லாம் தானே வந்துவிடும் என்று மேடையில் பேசுபவர்கள் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும்.

பாடசாலைகள் அரசுடைமையானதும் நடந்தவற்றுள் மிகப் பெரிய சீர்திருத்தம் என்று நான் கருதுவது கட்டடமோ பாடநூலோ இல்லை. தோட்டத்து இளைஞர்களையே ஆசிரியர்களாக நியமித்தது. அதற்கு முன் பெரும்பாலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள் கற்பித்தார்கள். அவர்களில் மலையகத்துக்காகவே வாழ்ந்தவர்கள் உண்டு. குளிரும் தனிமையும் தாங்காமல் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தபடியே காலத்தைக் கழித்தவர்களும் உண்டு. உள்ளூர் இளைஞன் வகுப்பில் நின்றபோது இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. முதலாவது, பாடசாலையில் ஆள் நிலைத்தது. பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) போகும் அம்மாவை அறிந்தவர், கொழுந்து நிறுக்கும் நேரம் அறிந்தவர், லயத்துப் பேச்சைப் பிழை என்று அதட்டாதவர் அந்த ஆசிரியர். இரண்டாவது, ஒரு லயக் காம்பராவுக்குள் முதன்முறையாக மாதச் சம்பளம் நுழைந்தது. நாட்சம்பளத்தில் மழை பெய்தால் பேர் (ஒரு நாள் கூலிக்கான பதிவு) இல்லை. காய்ச்சல் என்றால் பேர் இல்லை. நிறை குறைந்தால் அரைப்பேர். மாதச் சம்பளத்துக்கு மழை தெரியாது. ஓய்வூதியம் உண்டு, வங்கிக் கடன் கிடைக்கும், தம்பியை டியூசனுக்கு அனுப்பலாம். தோட்டத்தில் கல்வி வறுமையைக் குறைத்த முதல் வழி இதுதான்: பாடசாலையே ஒரு வேலைத்தலமாகி, தான் உருவாக்கிய பிள்ளைகளில் சிலருக்குத் தானே சம்பளம் கொடுத்தது.

இதில் ஒரு குறுக்கமும் உண்டு. ஆசிரியர் வேலை தவிர வேறு கதவு அதிகம் திறக்கவில்லை. ஏணியில் ஒரே ஒரு படி இருந்தால் அந்தப் படியில் கூட்டம் நெரியும். அந்த நெரிசல் எந்த அளவுக்குப் போனது என்பதை ஆசிரிய உதவியாளர் நியமனம் காட்டியது. 2015 வாக்கில் உயர்தரம் சித்தியடைந்த தோட்டத்து இளைஞர்களும் யுவதிகளும் பெருந்தொகையில் ஆசிரிய உதவியாளர்களாக எடுக்கப்பட்டார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்குக் கிடைத்த மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். அதே காலத்தில், 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி, வரவுக் கொடுப்பனவும் விலைப் பங்கும் சேர்ந்து கொழுந்தெடுப்பவருக்கு நாளொன்றுக்கு 620 ரூபாய். அம்மா இருபது நாள் முழுப்பேர் போட்டால் 12,400 ரூபாய். பதின்மூன்று ஆண்டு படித்து வகுப்பில் நின்ற மகளுக்கு அதில் பாதியும் இல்லை. இந்தச் சமூகத்தின் படிப்பை அரசு எந்த விலைக்கு மதித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. போராட்டங்களுக்குப் பிறகு தொகை உயர்த்தப்பட்டது. இழந்த ஆண்டுகளுக்கு யாரும் ஈடு கொடுக்கவில்லை.

டுஃப்லோ 2004இல் எழுதிய இன்னொரு கட்டுரையை, முதல் கட்டுரையைக் கொண்டாடுபவர்கள் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. இந்தோனேசியாவில் பாடசாலைகள் நிறையக் கட்டப்பட்ட பகுதிகளில் படித்த இளைஞர் திடீரெனப் பெருகியபோது, அதே பகுதியின் மூத்த தொழிலாளர்களுடைய சம்பளம் மற்றப் பகுதிகளின் அளவுக்கு வளரவில்லை. படித்த கைகள் கூடின. அவற்றுக்கு ஈடாக முதலீடு கூடவில்லை. தனியொருவருக்குப் படிப்பு தரும் இலாபத்தைக் கூட்டிப் பெருக்கி ஊருக்கே அவ்வளவு இலாபம் என்று சொல்ல முடியாது. மலையகத்தின் ஆசிரியர் பதவி நெரிசல் இதே விதிக்குள் வருவதுதான்.

இப்போது தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்களைப் பார்ப்போம். தோட்டத் துறையின் வறுமை வீதம் 2002இல் 30 சதவீதம், 2006-07இல் 32. நாட்டின் சராசரி இதே காலத்தில் 22.7இலிருந்து 15.2க்கு இறங்கியது. பாடசாலைகள் அரசுடைமையாகி முப்பது ஆண்டுகள் ஆகியும் நாடு இறங்கிய பாதையில் தோட்டம் இறங்கவில்லை. பிறகு 2009-10இல் ஒரே பாய்ச்சலாக 11.4 சதவீதமானது. மூன்றே ஆண்டில் இப்படி விழுந்ததற்குப் பாடசாலை காரணமாக இருக்க முடியாது. முதலாம் வகுப்பில் செய்த சீர்திருத்தம் சம்பளமாகக் கைக்கு வரப் பதினைந்து ஆண்டாவது ஆகும். காரணத்தை வருமானத்தில்தான் தேட வேண்டும். 2007இல் எல்லாப் படிகளும் சேர்த்து 290 ரூபாயாக இருந்த நாட்சம்பளம் 2009 ஒப்பந்தத்தில் 405 ரூபாயானது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணமும் அந்தக் காலத்தில் பல குடும்பங்களைத் தாங்கியது. வறுமை வீதம் பின்னர் 2016இல் 8.8 சதவீதம் வரை வந்தது. மேலே சொன்ன 33.8 என்பது வேறு உயரத்தில் புதிதாக வரையப்பட்ட கோட்டின்படி. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. ஆனால் 2016இன் கோட்டின்படியும் சரி, 2019இன் கோட்டின்படியும் சரி, தோட்டத்தின் வீதம் அந்தந்த ஆண்டில் நாட்டின் சராசரியைப்போல இரண்டு மடங்குக்கு மேலேயே நின்றது.

சம்பளம் வறுமையை உடனடியாக அசைக்கிறது; பாடசாலை ஒரு தலைமுறை கழித்து அசைக்கிறது. இந்த இரண்டு காலங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான், சம்பளக் கோரிக்கை எழும்போதெல்லாம் பிள்ளைகளைப் படிக்கவையுங்கள் என்ற அறிவுரை பதிலாக வருகிறது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை பல ஆண்டுகள் இழுபட்டு 2021இல்தான் வர்த்தமானியில் ஏறியது. அதற்குள் அந்த ஆயிரத்தின் மதிப்புத் தேய்ந்திருந்தது. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடி மிச்சத்தையும் தின்றது. அந்த இழுபறிக் காலத்தில் வயிற்றுக்குள் இருந்த பிள்ளைகள்தாம் இன்று ஆரம்ப வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டளவில் 17 சதவீதம்; தோட்டத்தில் ஏறத்தாழ 32. மூளை வளர்கிற ஆண்டுகளில் போதிய உணவின்றிக் குன்றிய உடலோடு முதலாம் தரத்துக்கு வரும் பிள்ளைக்கு, எவ்வளவு நல்ல ஆசிரியர் கிடைத்தாலும் அந்த இழப்பை முழுவதும் ஈடுசெய்ய முடியாது. அமெரிக்காவில் 1966இல் ஜேம்ஸ் கோல்மன் வெளியிட்ட பேரறிக்கை, பிள்ளையின் தேர்ச்சியைப் பாடசாலையைவிடக் குடும்பப் பின்னணியே அதிகம் தீர்மானிக்கிறது என்றது. வறிய நாடுகளில் நிலைமை வேறு, அங்கே பாடசாலையின் தரத்துக்கே எடை அதிகம் என்று 1983இல் ஹெய்ன்மனும் லொக்ஸ்லியும் மறுத்தார்கள். தோட்டத்தில் இந்த இரண்டு கூற்றையும் பிரிக்க முடியவில்லை. அங்கே குடும்பப் பின்னணி என்பதே தாயின் நாட்சம்பளமும் பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும்தான்.

படிப்பின் பலன் ஆண்டுக்கு ஆண்டு சீராகக் கூடுவதும் இல்லை. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் தவறினால், பதினொரு ஆண்டு படித்தவருக்கும் எட்டாம் தரத்தோடு நின்றவருக்கும் சந்தையில் அதிக வித்தியாசம் இல்லை. இருவரும் கொழும்பில் ஒரே புடவைக்கடைக்கும் ஒரே ஹோட்டல் சமையலறைக்கும்தான் போகிறார்கள். சித்திச் சான்றிதழ் இருந்தால்தான் அடுத்த கதவு. தோட்டப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தகுதிபெற்ற ஆசிரியர் இல்லாத குறை பல தசாப்தங்களாகச் சொல்லப்படுகிறது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் மலையகத்தில் சிலவே. ஆறாம் தரத்திலிருந்து பதினொன்றாம் தரம் வரை நிலையான கணித ஆசிரியர் ஒருவர் இருப்பது, புதிய கட்டடம் ஒன்றைத் திறப்பதைவிடப் பல மடங்கு அதிகம் பேரை வறுமைக்கு வெளியே கொண்டுபோகும். திறப்பு விழாப் படம் எடுக்க முடியாது என்பது மட்டுமே அதில் உள்ள குறை.

வெளியே கொண்டுபோகும் என்று எழுதும்போதே ஒரு கேள்வி என்னைத் தொந்தரவு செய்கிறது. ஏன் வெளியே போனால்தான் விமோசனம்? நுவரெலியா மாவட்டத்துக் கிராமவாசி ஒருவர் படித்து ஆசிரியரானால் தன் ஊரிலேயே, தன் காணியில் வீடு கட்டி வாழ்கிறார். அவருடைய சம்பளம் அந்த ஊரின் கடைக்கும் தச்சனுக்கும் போகிறது. ஊர் ஒரு படி ஏறுகிறது. தோட்டத்தில் பிறந்தவருக்குக் காணி இல்லை. லயக் காம்பரா தோட்டக் கம்பனி குத்தகைக்கு எடுத்த நிலத்தில், வேலை செய்பவரின் பெயரில் இருக்கிறது. படித்தவர் தங்க விரும்பினாலும் அவர் பெயரில் ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது. பாடசாலை உண்டாக்கும் வருமானம் தோட்டத்தில் நிற்காமல் வழிந்தோடுவது இதனால்தான். காணியோடு தனி வீடு தரும் திட்டங்கள் நடக்கின்றன. தேவைக்கு முன்னே அவற்றின் வேகம் மிகக் குறைவு. ஆயினும் கல்விச் சீர்திருத்தத்தின் பகுதியாகவே நான் அவற்றைப் பார்க்கிறேன். உறுதிப்பத்திரம் உள்ள வீட்டில் மேசை போடலாம், ஓர் அறை கூட்டலாம். படித்த மகள் கல்யாணமான பிறகும் அதே ஊரில் வகுப்பெடுக்கலாம்.

அடுத்த குடும்ப வருமானக் கணக்கெடுப்பின் வினாக்கொத்தில் ஒரே ஒரு வரி சேர்க்கச் செலவு அதிகமாகாது: நீங்கள் பிறந்தபோது உங்கள் தாய் எந்தத் தோட்டத்தில், எந்த ஊரில் குடியிருந்தார்? ஹட்டன் நகரத்து ஆசிரியரும் வெள்ளவத்தைக் கணக்காளரும் கொழும்புப் புடவைக்கடைப் பையனும் அப்போது தாம் பிறந்த தோட்டத்தின் கணக்குக்குத் திரும்புவார்கள். எந்தப் பாடசாலை எத்தனை பேரை எவ்வளவு தூரம் அனுப்பியது, எந்தத் தோட்டத்தில் யாருமே நகரவில்லை, கணித ஆசிரியர் இருந்த ஆண்டுகளில் என்ன நடந்தது, இல்லாத ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதெல்லாம் கல்வி அமைச்சின் மேசைக்கு எண்களாக வந்து சேரும்.